அவன் முட்டும் என் ஓட்டும்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு நான் இடது பக்கம் ஆடிக்கொண்டிருந்தேன். ஆடினேன் என்பது கொஞ்சம் மிகை. இடது பக்கம் நின்றேன், பந்து வந்தால் ஓடினேன். அந்த இடம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை அல்ல, இன்னொருவனின் உடம்பு.

அவனும் நானும் ஒரே வருடத்தில், பதினோரு வயதில், கிளப்பின் பொடியன் டீமில் சேர்ந்தவர்கள். இருவருக்குமே இடது கால் பழக்கம். கோச் எங்களை ஒருநாள் ஓடவிட்டுப் பார்த்தார், அதோடு முடிந்தது. அவன் ஆட்டக்காரன், நான் உபரி. பெரிய டீமுக்கு இருவரையும் ஒன்றாகத்தான் ஏற்றினார்கள். அவன் களத்துக்குப் போனான், நான் பெஞ்சுக்குப் போனேன்.

அவனிடம் ஒரு குறை இருந்தது. உடைவான். களத்தில் அல்ல, அங்கே எவனாலும் அவனைத் தொடக்கூட முடியாது. வெளியில்தான் எல்லாம் நடக்கும். தேர் வடம் பிடிக்கப் போய்த் தோள் இறங்கியது. மாமா வீட்டுக் கல்யாணத்தில் எச்சில் இலையில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. ஒருமுறை தும்மியதில் இடுப்பு பிடித்துக்கொண்டு, அரையிறுதி அன்று வாசல் நிலையைப் பிடித்தபடி பாதி குனிந்து நின்றான். கோச் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் பூட்ஸ் மாட்டினேன்.

அவன் விழுந்தால் எனக்கு ஆட்டம். இதுதான் என் இருபது வயதின் பொருளாதாரம். விவசாயி வானத்தைப் பார்ப்பதுபோல் நான் அவன் கால்களைப் பார்ப்பேன். லேசாகச் சாய்த்து நடந்தால் எனக்குள் ஒரு குளிர்ச்சி. சாமியிடம் நேராகக் கேட்டதில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. 'பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு வாரத்துக்கு மட்டும்' என்று பொதுவாக நினைத்துக்கொள்வேன், கேட்கிறவர் கேட்டுக்கொள்ளட்டும் என்று.

பிறகு சென்னையிலிருந்து ஒரு வங்கி டீமின் ஆள் வந்து அவன் ஆட்டத்தைப் பார்த்தார். அவனை அழைத்துப் போய்விட்டார்கள். தற்காலிகமாக ஒரு வேலை, நன்றாக ஆடினால் நிரந்தரம் என்று பேச்சு. ரயிலடியில் கிளப்பே நின்று வழியனுப்பியது. எல்லோரையும்விடப் பெரிய மாலை நான் வாங்கிப் போனதுதான். அந்த மாலையில் இருந்த சந்தோஷத்தை நட்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று வருடம் இடது பக்கம் எனக்கே. நான் அதற்குள் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் கிளப்புக்கு இணைச் செயலாளராகவும் ஆக்கி, மினிட் நோட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த மூன்று வருடத்தில் நாங்கள் ஒரு கோப்பையும் ஜெயிக்கவில்லை. அதற்கு நான் மட்டும் காரணமில்லை என்று இன்றும் சொல்லுவேன்.

நாலாம் வருடம் சித்திரையில் அவன் திரும்பி வந்தான். பயிற்சியில் வலது முட்டுக்குள் ஏதோ அறுந்து, எட்டு மாதம் படுத்திருந்து, வங்கிக்காரர்கள் 'குணமானதும் வாருங்கள்' என்று அன்பாகச் சொல்லி அனுப்பி, குணமானதும் போனால் அவன் இடத்தில் வேறு ஒருவன் நின்றிருக்கிறான். இங்கே வந்து ஒரு மாதம் வீட்டிலேயே கிடந்தான். பிறகு ஒருநாள் மைதானத்து ஓரத்தில் வந்து நின்று, பழைய கிளப்பிலேயே ஆடுகிறேன், சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டான். கோடைத் தொடருக்குப் பதினாறு பேர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பதினைந்து பெயர் எழுதியாயிற்று. பாக்கி ஒன்று.

புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. எங்கள் தலைவர் அண்ணாச்சி கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிறவர். கூட்டமெல்லாம் அவர் கடையில்தான். நாற்காலி கிடையாது, கவிழ்த்துப் போட்ட அண்டாக்களின் மேல் உட்காருவோம். யாராவது கோபத்தில் தொடையைத் தட்டுவதற்குப் பதில் அண்டாவைத் தட்டிவிட்டால், கோயில் மணிபோல் ஒரு சத்தம் எழுந்து அடங்குகிறவரை ஜனநாயகம் காத்திருக்கும்.

அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். "நம்ம வளத்த புள்ளைவே. ஊரான் வேண்டாம்னுட்டான்னா நாமளும் வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

கோச் தபால்காரர். நாள் முழுக்கச் சைக்கிள் மிதித்துவிட்டு வந்திருந்த எரிச்சல் குரலில் இருந்தது. "வளத்தோம், சரிதான் அண்ணாச்சி. நானும் பதினோரு பேரு எழுதுதேன். மறுநாளு பத்து பேருதான் வாரான். ஒருத்தன் எங்கயாவது கட்டுப் போட்டுக்கிட்டுக் கெடக்கான். முன்ன முழுக்கால் இருக்கும்போதே அப்படி. இப்போ முக்கால் கால்."

"முக்கால் கால்ல ஆடுனாலும் இப்ப ஆடுதவன விட மேல்தான்வே" என்றார் அண்ணாச்சி.

இப்போது ஆடுகிறவனான நான் அவருக்கு இரண்டு அண்டா தள்ளி உட்கார்ந்து இதை மினிட் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே எனக்கு வலித்தது.

"பாதி ஆட்டம் மட்டும் எறக்குவோம்" என்றார் ஒருவர். "எந்தப் பாதின்னு அவன் முட்டு சொல்லுமா?" என்றார் கோச். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். எடுக்கலாம் என்று மூன்று கை. வேண்டாம் என்று மூன்று கை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"ஏலே, ஒன் கை எங்கலே?" என்றார் அண்ணாச்சி.

அந்த நேரத்தில்தான் அவன் அம்மா உள்ளே வந்தாள். பீடி சுற்றுகிறவள்; கடைக்குப் பீடி கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கையில் அகலமான காக்கி உறை. அதற்குள்ளிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி, யாரையும் கேட்காமல், டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"எம் மவன் காலப் பத்தித்தான பேசுதீங்க? கால் இங்கன இருக்கு, பாத்துட்டுப் பேசுங்க."

படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. எல்லோரும் டாக்டர் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். கோச் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "வீக்கம் கொறஞ்ச மாதிரிதான் தெரியுது" என்றார். எக்ஸ்ரேயில் வீக்கம் தெரியுமா என்று கேட்க அங்கே யாருக்கும் படிப்பு இல்லை.

"நீ என்னம்மா சொல்லுத? எடுக்கட்டுமா, வேண்டாமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ரெண்டும் நான் சொல்ல மாட்டேன். வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடக்கான். சோறு தண்ணி எறங்கல. இப்படியே கெடந்தா முட்டு நல்லாயிரும், புள்ள போயிருவான்." பிறகு அண்டாக்களைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். "நீங்க பாத்திரம் குடுக்கையில, நெளிவு இல்லாமத் திருப்பித் தரணும்னு எழுதி வாங்குதீங்கள்லா? எம் மவனுக்கும் அப்படி எழுதித் தாங்க. கூட்டிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன், எடுக்கலாம் என்று.

பெருந்தன்மை என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார். என் கணக்கு வேறு. இவன் இரண்டு ஆட்டம் தாங்க மாட்டான். மூன்றாவது ஆட்டத்தில் இடம் எனக்குத்தான். நடுவில் நல்லவன் என்ற பெயர் இலவசம். வேண்டாமென்று கை தூக்கியிருந்தால் அந்தப் பெயரும் போய், அவன் அம்மா முகத்தில் இனி எப்படி முழிப்பது என்ற கவலையும் வந்திருக்கும். இப்படி எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் தூக்கினேன்.

அவள் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "ஐயா, நீதான் பொறுப்பு. காலையில நீ வந்து கூட்டிட்டுப் போ, நீயே கொண்டாந்து விடு. மத்தவனுவகிட்ட எம் புள்ளைய விட மாட்டேன்."

ஊரில் அத்தனை பேர் இருக்க, அவன் விழவேண்டும் என்று காத்திருக்கும் ஒரே ஒருவனிடம் அவனை ஒப்படைத்தாள். "சரி பெரியம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலை ஐந்தரைக்குச் சைக்கிளோடு அவன் வீட்டு வாசலில் நின்றேன். அவன் கேரியரில் ஏறி உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டான். மைதானம் வரை மிதித்தேன். பயிற்சி முடிந்து திரும்ப மிதித்தேன். ஒரு வாரத்தில் என் தொடை அவன் தொடையைவிடப் பெருத்துவிட்டது. அவன் படியிறங்கினால் முன்னால் இறங்குவேன். வழியில் கிடக்கும் வாழைப்பழத் தோலைக் காலால் ஒதுக்குவேன். குளிக்க ஆற்றுக்குப் போனால் படித்துறையில் பாசி இருக்கும் படியெல்லாம் எனக்கு மனப்பாடம். டீமில் என்னை 'மாமியார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோச்கூட ஒருநாள், "எங்கவே மாமியாரையும் மருமவனையும் காணோம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

தொடருக்கு முன்னால் மாஞ்சோலை எஸ்டேட் டீமோடு ஒரு நட்பு ஆட்டம். மலைப்பாதை பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் முட்டுக்கு நான் என் பையை அணை கொடுத்துப் பிடித்திருந்தேன். மேலே மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எஸ்டேட்காரர்கள் தேயிலைச் சரிவில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்தச் சாய்வில் நேராக ஓடினார்கள், நாங்கள்தான் சாய்ந்தோம். ஆனால் அவன் பந்தை வாங்கி ஓரமாகப் போனபோது எனக்குப் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. மூன்று வருடம் அந்தக் கோட்டோரத்தில் நான் செய்துகொண்டிருந்தது வேறு ஏதோ ஒரு வேலை என்று தெரிந்தது. இரண்டு கோல் போட்டான். முட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெண்டைக்காலில் ஒரு அட்டை மட்டும் ஒட்டியிருந்தது. அதையும் நான்தான் உப்பு வைத்து எடுத்தேன்.

திரும்பும் வழியில் மணிமுத்தாறு அருவியில் எல்லோரும் குளிக்க இறங்கினோம். அவன் வேண்டாமென்று கரையில் உட்கார்ந்திருந்தவன், பிறகு மனசு கேட்காமல் பாறை மேல் ஏறி வந்தான். வழவழவென்று பச்சைப் பாறை. நான் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். நடுவில் வந்து தடுமாறிக் கையை நீட்டினான். "பிடிலே!"

எனக்கும் அவன் கைக்கும் நடுவே ஒரு முழம். பிடித்தேன். ஆனால் உடனே பிடிக்கவில்லை. ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான், என் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அந்த ஒரு மூச்சில் நான் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். பிறகு எட்டிப் பிடித்து இறக்கிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையைத் தண்ணீருக்குள் முக்கிக்கொண்டேன், குளிக்க வந்தவன்போல.

தொடர் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் தாங்கினான். இரண்டாவதும் தாங்கினான். மூன்றாவது ஆட்டத்துக்கு நான் பூட்ஸைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டு போனேன், அதிலும் தாங்கினான். அரையிறுதியில் எதிரணித் தடுப்பாட்டக்காரன், திசையன்விளைக்காரன், பனைமரம் மாதிரி ஒருத்தன், நேராக வந்து அவன் மேல் மோதினான். மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்தது. பனைமரம்தான் நொண்டிக்கொண்டு வெளியே போனது. அண்ணாச்சி ஓரத்தில் துண்டைச் சுழற்றி ஆடினார். கோச் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தாம்லே பாத்துக்கிடுத" என்றார். அவ்வளவு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான், அதுவும் ஆட்டத்துக்காக அல்ல.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பயிற்சி முடிந்து, அவனைக் கேரியரில் வைத்து ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு எருமை. மணியடித்தேன். எருமைக்கு மணியைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. பிரேக்கைப் பிடித்தேன், முன் பிரேக் மட்டும் பிடித்தது. சைக்கிள் பின்பக்கம் எழுந்தது. இரண்டு பேரும் பறந்தோம்.

விழுந்து கிடந்தபோது நான் கீழே இருந்தேன், அவன் என் மேல் இருந்தான். அவன் உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. என் இடது மணிக்கட்டு மட்டும் பார்க்கக்கூடாத ஒரு கோணத்தில் திரும்பி நின்றது. கூடிவிட்ட கூட்டத்தில் ஒருவர், "அவன மேல தாங்கிக்கிட்டுத் தான் கீழ விழுந்தாம்யா, நான் பாத்தேன்" என்றார். அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. உண்மையில் எனக்கு விழத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அத்தனை வருடப் பழக்கம். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். அடக்கம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, காயும்வரை உட்காரச் சொன்னார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். வலியா, வெட்கமா தெரியவில்லை, எனக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"லே, நான் ஒனக்கு ஓட்டுப் போட்டது எதுக்குத் தெரியுமா? ரெண்டு ஆட்டத்துல நீ விழுந்துருவேன்னுதான்."

அவன் விசிறுவதை நிறுத்தவில்லை. "தெரியும்லே."

"அருவில…"

"அதுவும் தெரியும்." அட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னான்: "எங்கம்மைட்ட என்னய ஒங்கிட்ட ஒப்படைக்கச் சொன்னதே நான்தான்."

"நீயா? ஏம்லே?"

"எங் கால இத்தன வருசமா உத்துப் பாத்தவன் வேற எவன் இருக்கான்? டாக்டருக்கே மறந்துபோச்சு. நான் எந்தப் படியில நொண்டுவேன், எந்தக் கால ஊணும்போது மொகம் சுளிப்பேன், எல்லாம் ஒனக்குத்தாம்லா தெரியும். அருவில நீ பிடிக்க மாட்டேன்னு நெனச்சேன். பிடிச்சிட்ட. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மாவுக்கட்டு காயவில்லை என்று நர்ஸ் வந்து திட்டினார். அது எனக்கு உதவியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனை மைதானத்துக்குக் கோச் தன் தபால் சைக்கிளில் கூட்டிவந்தார். இடது பக்கம் ஓட பெஞ்சில் வேறு ஆள் இல்லை. அவன் அம்மா முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்து எங்கே போனாலும் அவள் தலை திரும்பவில்லை. அவன் முட்டின் மேலேயே கண்ணாக இருந்தாள். நானும் அப்படித்தான். எங்கள் வலையில் கோல் விழுந்தது எனக்குச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. அவன் போட்ட பதில் கோலை மட்டும் பார்த்தேன், கால் சம்பந்தப்பட்டிருந்ததால்.

முழு நேரமும் ஆடினான். ஒன்றுக்கு ஒன்று. பெனால்டியில் அவன் முறை வந்தபோது அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, மதில் சுவரையும் தாண்டி, யார் வீட்டு ஓட்டின் மேலோ விழுந்தது. தோற்றோம். கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சி, பந்து விழுந்த வீட்டுக்காரரிடம் ஓடு உடைந்ததற்குச் சமாதானம் பேசப் போய்விட்டார். அவன் அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "எம் மவன் ஓடுதாம்லா, போதும். வாங்க ரெண்டு பேரும், சாப்பிடப் போவோம்" என்றாள். மூன்று பேரும் நடந்தே போனோம். அன்றைக்கு அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட அவன்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தான். என் இடது கை கட்டில் இருந்தது, வலது கை நன்றாகத்தான் இருந்தது, அதை மடியில் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவனைத் திரும்ப எடுப்பதா என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. பட்டியலில் முதல் பெயராக நானே எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவனே வேண்டாமென்றான். ஏசி மெக்கானிக் வேலை பழகியிருந்தான். துபாய்க்கு விசா வந்துவிட்டது. இந்த முறை ரயிலடிக்கு நான் மாலை வாங்கிப் போகவில்லை. முட்டுக்கு ஒரு உறை, வெந்நீர்ப் பை, இரண்டு தைல பாட்டில் கொடுத்தேன். "மாமியார் சீரு" என்று கோச் சொன்னார்.

இடது பக்கம் மறுபடி என்னிடம் வந்தது. மணிக்கட்டு நேராகச் சேராததால் கோட்டுக்கு வெளியே போன பந்தை இரண்டு கையாலும் சரியாக உள்ளே எறிய வரவில்லை. எறிந்தால் ரெஃப்ரி ஊதுவார். ஒரு சீசன் அப்படியே ஓட்டினேன். அதன் முதல் ஆட்டத்தில் ஓரக் கோட்டில் பந்தை வாங்கித் திரும்பியபோது, பெஞ்சில் இருந்த புதுப் பையன் ஒருவன் என் கால்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நான் வேண்டுமென்றே கொஞ்சம் நொண்டிக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் நேராக ஓடினேன்.